ஐந்து நிமிடம் யாரும் தொடக்கூடாது

எல்லோருக்கும் வணக்கம். உறுப்பு தானம் என்றதும் நம் ஊரில் மூளைச்சாவுதான் நினைவுக்கு வரும். அதில் வென்டிலேட்டர் மூச்சுக் கொடுக்க, இதயம் துடித்துக்கொண்டே இருக்கும். நான் சொல்ல வந்தது வேறு. இதயம் நின்ற பிறகு செய்யும் தானம்.

பிரிட்டனில் இது வழக்கமாக நடக்கிறது. இனி பிழைக்க வழியில்லை என்று உறுதியான பிறகு, குடும்பத்தாரிடம் பேசி, வென்டிலேட்டரை எடுக்கிறார்கள். அந்த முடிவில் உறுப்பு எடுக்க வந்தவர்கள் தலையிடக் கூடாது. இதயம் நிற்கிறது. சரி, உடனே கத்தியை எடுக்கலாமா? கூடாது. தானாக மறுபடி துடிக்கிறதா என்று ஐந்து நிமிடம், கை வைக்காமல் பார்த்திருக்க வேண்டும். இத்தாலியில் 20 நிமிடம். சாவுக்கு நாட்டுக்கு நாடு ஒரு கணக்கா என்று கேட்கிறீர்களா? கேட்க வேண்டிய கேள்விதான்.

அதற்குள் உடல் சூட்டில் ரத்தமில்லாமல் தவிக்கிறது கல்லீரல். அதற்கு ஏறக்குறைய அரை மணி நேரம்தான் பொறுமை. சிறுநீரகம் இன்னும் கொஞ்சம் தாங்கும்.

எடுக்கும்போதே குளிர்ந்த கரைசலை ரத்தக் குழாய்களில் ஓடவிட்டு, அப்புறம் ஐஸ் பெட்டியில் வைப்பார்கள். உறைய விடக்கூடாது, 4 டிகிரி போதும். ஆனால் குளிரில் செல் தன்னைக் காத்துக்கொள்ள முடியாமல், தண்ணீர் புகுந்து, ஊறின பருப்பாக உப்பிவிடும். அதைத் தடுக்க 1980களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பெல்சர், சவுதார்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கரைசல் செய்தார்கள். அதில் ராஃபினோஸ் என்ற சர்க்கரை உண்டு. மொச்சை தின்றால் வயிறு உப்புகிறதே, அதற்குக் காரணமான சர்க்கரைகளில் ஒன்று! இங்கே செல்லை உப்பவிடாமல் காக்க உதவுவதும் அதுதான்.

இதயத்துக்கு மட்டும் ஐஸ் பெட்டி போதவில்லை. ஒரு தடவை நின்றது மறுபடி ஓடுமா என்று ஐஸில் வைத்தால் எப்படித் தெரியும்? 2014இல் சிட்னி செயின்ட் வின்சென்ட்ஸ் மருத்துவமனையில், நின்றுபோன இதயத்தை ஒரு கருவிக்குள் வைத்து வெதுவெதுப்பான ரத்தத்தை ஓடவிட்டார்கள். சுற்றிலும் உடம்பே இல்லை, தனியாகத் துடித்தது. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இன்னொருவர் நெஞ்சில் வைத்தார்கள்.

எல்லாத் தடவையும் இப்படி அமையாது. வென்டிலேட்டரை எடுத்த பிறகும் சிலருக்கு இதயம் மணிக்கணக்கில் நிற்காது; ரத்த ஓட்டம் குறைந்து உறுப்புகள் கெட்டுவிடும். அப்போது காத்திருந்த அறுவைக் குழு காலிப் பெட்டியோடு கிளம்பிவிடும். நோயாளியை வார்டுக்குக் கொண்டுபோய், வீட்டார் பக்கத்தில் இருக்க, கடைசிவரை பார்த்துக்கொள்வார்கள்.