பாட்டிக்குக் கூலிங் கிளாஸ்

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். நண்பர்கள் சேர்ந்து இசைக்குழு தொடங்கிப் பழைய பாட்டோடு புதுப் பாட்டைக் கலக்கிறார்களே, அதனால் நாட்டுப்புறக் கலை வாழ்கிறதா, சிதைகிறதா? வாழ்கிறது என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் என்ன சொன்னார்? "நடவுப் பாட்டுக்குக் கிடார் வாசிப்பது, பாட்டிக்குக் கூலிங் கிளாஸ் மாட்டுவது போல." நீங்களும் கைதட்டினீர்கள். ஐயா, பாட்டிக்குக் கண் ஆபரேஷன் முடிந்ததும் டாக்டரே கறுப்புக் கண்ணாடி மாட்டித்தான் வீட்டுக்கு அனுப்புகிறார்! அழகுக்கா? கண்ணைக் காப்பாற்றத்தானே! அப்புறம், தெருக்கூத்தைப் புகழ்ந்தீர்களே, அதில் விடிய விடிய ஒலிக்கும் ஹார்மோனியம் எங்கே உருவானது தெரியுமா? பாரிஸில், 1840களில். கூத்தே அதைச் சேர்த்துக்கொண்டது, உங்களுக்குக் கிடார் மட்டும் ஏன் உறுத்துகிறது?

சரி, நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். நான்கு நண்பர்கள், திறந்தவெளி மேடை, நல்ல பனி. பறை ஈரத்தில் தொய்ந்துவிட்டது. அடித்தால் 'தொப்பு தொப்பு' என்கிறது. பறைக்காரத் தம்பி மேடையை விட்டு இறங்கினார். வைக்கோலைக் கொளுத்தினார். தோலைத் தீயில் காட்டுகிறார், தட்டுகிறார், காது கொடுக்கிறார். மறுபடி காட்டுகிறார், தட்டுகிறார். கூட்டம் மேடையை மறந்து தீயைச் சுற்றி நிற்கிறது. திடீரென்று 'டங்'! கேட்டதும் கிடார்க்காரத் தம்பி என்ன செய்தார்? கிடாரைத் தூக்கிக்கொண்டு வந்து தீயருகே குந்தினார். பறையைத் தட்டச் சொல்லிக் கேட்டுக் கேட்டு, அதற்கு ஒத்துப்போகும் வரை தன் தந்தியை இறக்கினார். நடுவர் அவர்களே, யார் யாருக்கு இறங்கி வந்தது? பறைக்காகக் கிடார் இறங்கி வந்தது! இதையா சிதைப்பது என்கிறீர்கள்?

பாட்டு தொடங்கியது. நடவுப் பாட்டு. இரண்டாவது அடியிலேயே முன்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அப்படி இல்லப்பா, எங்க அம்மா வேற மாதிரி பாடும்." ஒரு அம்மாள் எழுந்து வந்தார். வயலுக்கு நடவு எந்திரம் வந்த பிறகு அவர் பாடியதே இல்லையாம். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். மெல்லத் தொடங்கிய குரல் போகப் போக ஏறியது. அந்தக் குழு பாடியதற்கு அப்பாலும் மூன்று அடிகள் அவரிடம் இருந்தன. பாடி முடித்துவிட்டுக் கிடார்க்காரத் தம்பியின் கன்னத்தை வழித்து, "எங்க அம்மாவைப் பார்த்த மாதிரி இருக்குய்யா" என்று அழுதார்.

அவையோரே, உங்கள் அம்மா பாடிய தாலாட்டில் எத்தனை அடி உங்களுக்கு நினைவிருக்கிறது? நடுவர் தீர்ப்பை மெல்லச் சொல்லட்டும். அம்மா இருப்பவர்கள் இன்று ராத்திரியே போன் போட்டு ஒரு தடவை பாடச் சொல்லிக் கேளுங்கள். நன்றி, வணக்கம்.