நாகப்பட்டினமா? கடல் எவ்வளவு தூரம்?

வணக்கம் மக்களே. இன்றைக்குச் சாப்பாட்டு வீடியோ இல்லை. கடற்கரையில் நிற்கிறேன், காற்று ரொம்ப அதிகம். மைக்கில் இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பின்னால் தெரிகிறதே, அதுதான் எங்கள் ஊர் கலங்கரை விளக்கம்.

விஷயம் என்னவென்றால், போன மாதம் வீட்டில் ஒரு சம்பந்தம் பேசினார்கள். எனக்குத்தான். பெண் கோயம்புத்தூர்ப் பக்கம். ஜாதகம் பொருந்திவிட்டது, போட்டோவும் போய் வந்துவிட்டது. பெண்ணின் அப்பா போன் செய்தார். சம்பளம் கேட்பார் என்று அம்மா தயாராக உட்கார்ந்திருந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்க வீட்டுக்கும் கடலுக்கும் எவ்வளவு தூரமுங்க?"

அம்மா அதை வசதிக்காகக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டார். "பக்கந்தாங்க, நடந்தே போயிடலாம்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "சரிங்க, பேசிட்டுச் சொல்றோம்" என்று வைத்துவிட்டார்.

நான் நாகப்பட்டினம் வெளிப்பாளையத்துக்காரன். அந்தக் கேள்வியைப் பல வடிவங்களில் கேட்டிருக்கிறேன். வெளியூரில் வேலை பார்த்தபோது, மழை தூறினால்கூட மேனேஜர் என் மேஜைக்கு வந்து "ஊர்ல எல்லாரும் பத்திரமா?" என்பார். நல்ல மனிதர். ஆனால் அவருக்கு நாகப்பட்டினம் என்றால் ஓர் ஊர் இல்லை, டிவியில் கீழே ஓடுகிற ஒரு வரி. "நாகப்பட்டினத்திற்குத் தென்கிழக்கே 400 கிலோமீட்டர் தொலைவில் மையம் கொண்டுள்ளது." புயல் கடைசியில் ஆந்திராவில் போய்க் கரையைக் கடக்கும். நாங்கள் இங்கே வெயிலில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்போம். ஆனாலும் நான்கு நாள் எங்கள் பெயர்தான் ஓடும், துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றினார்கள் என்பது உட்பட. வங்கக்கடலை அளக்க எங்கள் ஊரை அளவுகோல் ஆக்கிவிட்டார்கள்.

புயலே வந்ததில்லை என்று சொல்லவில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா வந்தது. வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. இன்னும் அதிலிருந்து எழுந்திருக்காத குடும்பங்கள் இருக்கின்றன. 2004 டிசம்பர் 26-ஐப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சுனாமியில் தமிழ்நாட்டில் இறந்தவர்கள் ஏறக்குறைய 8000 பேர் என்றால், அதில் 6000 பேருக்கு மேல் அன்றைய நாகை மாவட்டத்துக்காரர்கள். நம்பியார் நகர், அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் என்று ஒவ்வொரு டிசம்பரிலும் மெழுகுவத்தி ஏற்றுகிற இடங்கள் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. அதை வைத்துப் பயப்படுகிறவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் ஒன்று மட்டும் உறுத்துகிறது. 2015-இல் சென்னையில் மாடி வரைக்கும் தண்ணீர் வந்தது. அதற்காக ஒரு சென்னை மாப்பிள்ளையிடம் "அடையாறு உங்க வீட்டுக்கு எவ்வளவு தூரம்?" என்று யாராவது கேட்டிருக்கிறார்களா? கேட்கமாட்டார்கள். சென்னையில் வேலை இருக்கிறது. வேலை இருக்கிற ஊரின் வெள்ளத்தை மக்கள் மன்னித்துவிடுவார்கள்.

சரி, கொஞ்சம் நடந்துகொண்டே பேசலாம். வெயில் ஏறுகிறது.

வெளியூர்க்காரர்கள் பேசுவதை விடுங்கள். உள்ளூரில் ஒரு டீக்கடையில் பத்து நிமிடம் உட்காருங்கள். நாகப்பட்டினத்தை எங்களைப்போலத் திட்ட யாராலும் முடியாது. அந்தத் திட்டில் ஒரு வரிசை உண்டு, எல்லாமே திருச்சியில் போய் முடியும். என் சித்தப்பா இதில் நிபுணர். "எல்லாத்தையும் திருச்சிக்காரன் தூக்கிட்டுப் போயிட்டான்" என்று ஆரம்பிப்பார்.

சும்மா சொல்கிறார் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். தேடிப் பார்த்தால் பாதிக்கு மேல் உண்மை. 1861-இல் இங்கிருந்து தஞ்சாவூருக்கு ரயில் ஓடியது, மறு வருஷம் திருச்சி வரைக்கும் போனது. அதாவது டெல்டாவின் ரயில் கடலிலிருந்து உள்ளே போனது. ரயில்வேயின் பெரிய பட்டறை இங்கேதான் இருந்தது. 1920-களின் கடைசியில் அதைத் திருச்சி பொன்மலைக்கு மாற்றினார்கள். ஆட்குறைப்பு வரும் என்று தெரிந்து 1928 ஜூலையில் தென்னிந்திய ரயில்வே முழுக்க வேலைநிறுத்தம் நடந்தது, தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் அதற்காகச் சிறைக்குப் போனார். பட்டறை போய்விட்டது. இன்றைக்குப் பொன்மலையை ஒட்டி ஒரு நகரமே வளர்ந்திருக்கிறது.

கல்லூரி கதை இதைவிட வேடிக்கை. திருச்சி புனித வளனார் கல்லூரி தெரியுமில்லையா? அது 1844-இல் ஆரம்பித்தது இங்கே, நாகப்பட்டினத்தில். 1883-இல்தான் திருச்சிக்குப் போனது. அது மட்டும் இல்லை. ராஜராஜன் காலத்தில் கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டு அரசன் இங்கே சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்தைக் கட்டினான், ஆனைமங்கலம் கிராமத்தை ராஜராஜன் அதற்குக் கொடுத்தான். அந்தக் காலத்துப் பௌத்தத்தின் மிச்சமாக ஒரு செங்கல் கோபுரம் 19-ஆம் நூற்றாண்டு வரைக்கும் நின்றது. சீனக் கோபுரம் என்பார்கள். கடலில் வருகிற கப்பலுக்கு அதுதான் அடையாளம். 1867-இல் அந்தக் கல்லூரியை நடத்திய சேசு சபைப் பாதிரியார்கள் அரசாங்க அனுமதி வாங்கி அதை இடித்தார்கள். அப்புறம் 16 வருஷத்தில் அவர்களுடைய கல்லூரியே ஊரைவிட்டுப் போய்விட்டது. கோபுரமும் இல்லை, கல்லூரியும் இல்லை. எங்கள் வெளிப்பாளையத்தில் தோண்டியபோது கிடைத்த புத்தர் சிலைகளைப் பார்க்க வேண்டும் என்றால் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். வேலை தேடிச் சென்னைக்குப் போன நாகை ஆட்களில் புத்தரும் ஒருவர் என்று சித்தப்பா சொல்வார்.

இங்கிருந்து ஆள் ஏற்றிப்போன ரஜூலா கப்பல், பினாங்கு, சிங்கப்பூர் எல்லாம் எங்கள் தாத்தா தலைமுறைப் பேச்சு. அந்தக் கப்பல் 1973 வரைக்கும் ஓடியது. அப்பாவுக்கு அது ஞாபகம், எனக்கு அது கதை.

மாவட்டமும் அப்படித்தான். 1991-இல் தஞ்சாவூரிலிருந்து பிரிந்து பெரிய மாவட்டமாக ஆரம்பித்தோம். 1997-இல் திருவாரூர் பிரிந்தது. 2020-இல் மயிலாடுதுறை பிரிந்தது. இப்போது நாகப்பட்டினம், கீழ்வேளூர், திருக்குவளை, வேதாரண்யம், நான்கே தாலுகா. ஆனால் இதில் நான் மயிலாடுதுறைக்காரர்கள் பக்கம். யோசித்துப் பாருங்கள், அவர்கள் பக்கம் கொள்ளிடம் ஊரில் இருக்கிற ஒருவர் கலெக்டரிடம் ஒரு மனு கொடுக்க நடுவில் காரைக்காலைத் தாண்டி, அதாவது புதுச்சேரி எல்லைக்குள் புகுந்து வெளியே வந்து, இங்கே வர வேண்டியிருந்தது. அவருக்கு நாகப்பட்டினம் என்றாலே ஒரு நாள் சம்பளம் போன ஞாபகம்தான் வரும். அவர் எப்படி எங்கள் ஊரை நல்லபடியாகப் பேசுவார்?

இப்போது பக்கத்து ஊர்கள். வடக்கே நாகூர், தெற்கே வேளாங்கண்ணி. நாகூர் எங்கள் நகராட்சிக்குள்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நாகூர்க்காரரிடம் "எந்த ஊர்?" என்று கேட்டுப் பாருங்கள். நாகப்பட்டினம் என்று வாயில் வரவே வராது. வர வேண்டிய அவசியமும் இல்லை, சிங்கப்பூரிலும் பினாங்கிலும் நாகூர் தர்கா பெயரில் கட்டடமே இருக்கிறது. வேளாங்கண்ணிக்கு ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு லட்சக்கணக்கில் வருகிறார்கள். பாதி பேர் மும்பை, கேரளா. அவர்களுக்கு நாகப்பட்டினம் என்பது ரயில் நிற்கிற இடம், "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று பையை எடுத்து வைக்கிற இடம்.

ஆனால் நாகூர் தர்காவின் கந்தூரி விழாவின்போது வந்து பாருங்கள். கொடியும் சந்தனக்கூடும் கிளம்புவது நாகப்பட்டினத்திலிருந்து. எங்கள் தெருக்கள் வழியாகத்தான் போகும், ராத்திரி முழுக்க யாரும் தூங்கமாட்டோம். நாகூரின் பெரிய மினாராவைக் கட்டிக்கொடுத்தது தஞ்சாவூர் மராட்டிய அரசர் பிரதாப சிங். அன்றைக்கு ஒரு நாள் மட்டும் எது ஊர், எது புறநகர் என்று கோடு போட முடியாது. மறுநாள் காலையில் பழையபடி அவரவர் ஊருக்குப் போய்விடுவோம்.

அக்கரைப்பேட்டையில் நிலைமை வேறு. அங்கே யாரும் "ஊர் செத்துப்போச்சு" என்று சொல்லிக் கேட்டதில்லை. விசைப்படகு வந்து நின்றால் விடியற்காலையில் ஏலக் கூச்சல், ஐஸ் உடைக்கிற சத்தம், கேரளாவுக்குப் போகிற வண்டிகள். ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் தடைக்காலத்தில் மட்டும்தான் அமைதி. பிரச்சினை இல்லாத ஊர் இல்லை. டீசல் விலை, இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போவது, திரும்பி வராத படகு என்று நிறைய இருக்கிறது. ஆனால் அவர்கள் நாளைக்கு என்ன விலை போகும் என்று பேசுகிறார்கள். நகரத்துக்குள் இருக்கிற நாங்கள் 1928-ஐப் பேசுகிறோம்.

புதிதாக எதுவும் வரவில்லை என்பதும் சரியில்லை. மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மருத்துவக் கல்லூரி 2022-இல் வந்தது, ஊருக்குள் இல்லை, ஒரத்தூரில் என்று அதற்கும் ஒரு புலம்பல் உண்டு. 2023 அக்டோபரில் இலங்கையில் இருக்கிற காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள், சில நாளில் நின்றது, 2024 ஆகஸ்டில் மறுபடியும் ஆரம்பித்தார்கள். 60 கடல் மைல்தான். கப்பல் ஏற வருகிறவர்கள் காலையில் வந்து, ஏறி, போய்விடுகிறார்கள். ஒரு டீ குடிக்கக்கூட நிற்பதில்லை. நிறுத்துவதற்கு நாங்கள் என்ன செய்திருக்கிறோம் என்று கேட்டால், என்னிடமும் பதில் இல்லை. நானே நாலு வருஷம் வீடியோ போடுகிறேன், பாதி தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் எடுத்தது. இங்கே எடுத்தால் யார் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். நானும் அந்தக் கோயம்புத்தூர்க்காரரும் ஒன்றுதான்.

அவர் கதையை முடிக்கவில்லையே. பத்து நாள் கழித்து அவர் வேளாங்கண்ணிக்கு வேண்டுதல் என்று வந்தார். வந்த கையோடு வீட்டையும் பார்த்துவிடலாம் என்று வந்துவிட்டார். சாப்பாடு ஆனதும் கடலைப் பார்க்க வேண்டும் என்றார். நடந்தேதான் கூட்டிவந்தேன். நடக்க நடக்க "இன்னுமா தம்பி?" என்று இரண்டு முறை கேட்டார். இதோ, இந்த இடத்தில்தான் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். திரும்பும்போது மீன் வாங்க வேண்டும் என்றார். வஞ்சிரம் இரண்டு கிலோ, பேரம் பேசாமல் வாங்கினார்.

கல்யாணப் பேச்சை எடுப்பார் என்று பார்த்தேன். காரில் ஏறும்போது அவர் கேட்டது இதுதான்: "ஏனுங்க தம்பி, கோயம்புத்தூர் போற வரைக்கும் இந்த ஐஸ் தாங்குமுங்களா?"