60 நாள் அதிபர்: இந்தத் தொடரைக் காப்பி என்று சொல்லாதீர்கள்

வணக்கம் மக்களே. இன்றைக்குக் கொஞ்சம் கோபத்தோடுதான் கேமரா முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். 'டெசிக்னேட்டட் சர்வைவர்: 60 டேஸ்' என்கிற கொரியத் தொடரை மறுபடியும் முதலிலிருந்து பார்க்கப் போகிறேன் என்று போன வீடியோவில் சொன்னேன் இல்லையா? உடனே பாதிப் பேர் ஒரே பாட்டு. "அது அமெரிக்கத் தொடரின் காப்பிதானே, ஒரிஜினலையே பாருங்கள்" என்று. 16 எபிசோடையும் பார்த்து முடித்த கையோடு வந்திருக்கிறேன். கொரியத் தொடர்தான் மேல். அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

கதை தெரியாதவர்களுக்கு வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சியோலில் இருக்கும் நாடாளுமன்றத்தில் அதிபர் உரையாற்றும்போது குண்டு வெடிக்கிறது. அதிபர், பிரதமர், அமைச்சர்கள், கூடியிருந்த எம்.பி.க்கள் என்று நாட்டை நடத்துகிறவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் போய்விடுகிறார்கள். மிஞ்சியவர் சுற்றுச்சூழல் அமைச்சர் பார்க் மூ-ஜின். அரசியலே தெரியாத வேதியியல் பேராசிரியர். அமெரிக்காவில் இப்படி எல்லோரும் கூடுகிற நாளில் ஒருவரை வேண்டுமென்றே வேறிடத்தில் பத்திரமாக வைப்பார்கள், அவர்தான் 'டெசிக்னேட்டட் சர்வைவர்'. அப்படி ஓர் ஏற்பாட்டால் இவர் தப்பவில்லை. குண்டு வெடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அதிபர் இவரைப் பதவியை விட்டுப் போகச் சொல்லியிருந்தார். அதனால்தான் உயிரோடு இருக்கிறார்!

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 2016இல் வந்த 'டெசிக்னேட்டட் சர்வைவர்' என்கிற அமெரிக்கத் தொடரில், இவரைப் போலவே தப்பிய அமைச்சர் பதவிப் பிரமாணம் எடுத்த நிமிடமே முழு அதிபர். தென் கொரியாவில் அது நடக்காது. அவர்கள் அரசியலமைப்பின் 71ஆம் பிரிவுப்படி அதிபர் இல்லாவிட்டால் பிரதமர், அவரும் இல்லாவிட்டால் அமைச்சர்கள் வரிசைப்படி வெறும் பொறுப்பு அதிபர். 68ஆம் பிரிவுப்படி 60 நாளுக்குள் தேர்தல் நடத்தி வேறொருவரைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். இந்த 60 நாள்தான் தொடரின் உயிர். பார்க் மூ-ஜின் எந்த முடிவை எடுத்தாலும் எதிரில் இருப்பவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இதைச் செய்ய நீ யார்? உனக்கு யார் ஓட்டுப் போட்டார்கள்? அமெரிக்கத் தொடரிலும் ஓட்டு வாங்காதவர் என்று குத்திக்காட்டுவார்கள். ஆனால் அங்கே நாற்காலி அவருடையது. இங்கே நாற்காலியே இரவல்.

வட கொரியாவிலிருந்து தப்பி வந்து சியோலில் வாழ்கிறவர்கள் மீது மேயர் கெடுபிடி செய்கிற பகுதி நினைவிருக்கிறதா? அதை நிறுத்த அதிபர் ஆணை பிறப்பிக்கலாமா கூடாதா என்று அலுவலகத்துக்குள்ளேயே மோதல். காவல் காக்க வந்தவன் வீட்டை இடித்துக் கட்டலாமா என்கிற மாதிரியான சண்டை. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. நான் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு அப்படியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

சரி, ஒரு சின்ன விஷயம் பேசியே ஆக வேண்டும். சப்டைட்டில். நான் டப்பிங் பார்ப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். கதாபாத்திரங்களின் பெயரையும் பதவியையும் நோட்டில் எழுதிக்கொண்டே பார்ப்பதும் தெரியும். இது அரசியல் தொடர், ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு பதவி. அந்தப் பதவி திரையின் கீழே கொரிய எழுத்தில் வரும். அதற்கான மொழிபெயர்ப்பும் வசனத்தின் மொழிபெயர்ப்பும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். இரண்டும் வெள்ளை எழுத்து. பின்னால் அதிபர் மாளிகையின் வெளிர் நிறச் சுவர். கண்ணுக்கு என்னதான் தெரியும்? பாதுகாப்புக் கூட்டம் நடக்கிற காட்சியில் ஒவ்வொரு முறையும் நிறுத்தி, பத்து நொடி பின்னால் போய், மறுபடி நிறுத்தி... எரிச்சல் தலைக்கேறிவிட்டது. கடைசியில் டிவியை விட்டுவிட்டு, கணினியில் என் நெட்ஃபிளிக்ஸ் கணக்கைத் திறந்து, அமைப்புகளுக்குள் போய்த் தேடினால் சப்டைட்டில் தோற்றம் என்று ஒரு பக்கம் இருக்கிறது. எழுத்து மஞ்சள், பின்னணி கறுப்பு, அளவு நடுத்தரம். பெரிய அளவு வைக்காதீர்கள், நடிகர்களின் முகவாயை மறைக்கும். சேமித்துவிட்டு டிவியில் மறுபடி திறந்தேன். அப்படியே பளிச்சென்று வந்தது! அந்தச் சந்தோஷத்தில் முதல் எபிசோடிலிருந்து திரும்பப் பார்த்தேன். தயவுசெய்து எல்லோரும் இதைச் செய்யுங்கள். காசு செலவில்லை.

ஆங், ஒன்றை விட்டுவிட்டேன். அந்த 60 நாள் விஷயத்தில் இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். இந்தத் தொடர் 2019 ஜூலை, ஆகஸ்டில் டிவிஎன் சேனலில் வந்தது. அதற்குப் பிறகு நிஜத்தில் என்ன நடந்தது பாருங்கள். 2024 டிசம்பர் 3 இரவு அதிபர் யூன் சோக்-யோல் ராணுவச் சட்டம் அறிவித்தார். தொடரில் இடிந்து விழுகிற அதே நாடாளுமன்றத்தின் வேலியில் ஏறிக் குதித்து எம்.பி.க்கள் உள்ளே போனார்கள். 190 பேர் ஓட்டுப் போட்டு அதை ரத்து செய்தார்கள். டிசம்பர் 14 அன்று அதிபருக்கு எதிரான பதவி நீக்கத் தீர்மானம் நிறைவேறியது. பிரதமர் ஹான் டக்-சூ பொறுப்பு அதிபர் ஆனார். அந்தத் தீர்மானத்தின் மீது தீர்ப்புச் சொல்ல வேண்டிய அரசியலமைப்பு நீதிமன்றத்தில் மூன்று நீதிபதி இடம் காலி. பொறுப்பில் இருப்பவர் நிரப்பலாமா? அவர் நிரப்பவில்லை. டிசம்பர் 27 அன்று அவர் மீதும் தீர்மானம்! அடுத்து நிதியமைச்சர் சோய் சாங்-மோக் வந்து இரண்டு இடத்தை நிரப்பினார். பார்த்தீர்களா? இரவல் நாற்காலியில் உட்கார்ந்தவர் எதுவரை போகலாம் என்ற அதே கேள்வி.

இன்னும் இருக்கிறது. 2025 ஏப்ரல் 4 அன்று யூனை நீதிமன்றம் நீக்கியது. ஜூன் 3 தேர்தல். கணக்குப் பாருங்கள், சரியாக 60ஆவது நாள். இடையில் வேலைக்குத் திரும்பியிருந்த பிரதமரும் விலகி, நிதியமைச்சரும் விலகி, மே 2 முதல் தேர்தல் வரை பொறுப்பு அதிபராக இருந்தவர் கல்வி அமைச்சர் லீ ஜூ-ஹோ. சுற்றுச்சூழல் அமைச்சர் நாட்டை நடத்துவதாவது, நம்புகிற மாதிரியா இருக்கிறது என்று கேட்டவர்கள் இப்போது என்ன சொல்லப் போகிறீர்கள்?

நடிப்புக்கு வருவோம். பார்க் மூ-ஜினாக வரும் ஜி ஜின்-ஹீயைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், தெரியும். கத்தவே மாட்டார் மனிதர். வட கொரிய நீர்மூழ்கிக் கப்பலால் போர் மூளும் என்று தளபதிகள் மேசையைத் தட்டும்போது இவர் எண்களைப் பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேசுவார். அந்த நிதானம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். தலைமைச் செயலராக ஹோ ஜூன்-ஹோ. அவர் ஓர் அறைக்குள் வந்து நின்றாலே மற்றவர்கள் சின்னப் பிள்ளைகளாகத் தெரிவார்கள். எதிர்க்கட்சித் தலைவியாக பே ஜோங்-ஓக், வில்லத்தனம் இல்லாத எதிரி, அப்படி எழுதுவது கஷ்டம். இடிபாட்டிலிருந்து உயிரோடு வரும் எம்.பி.யாக லீ ஜூன்-ஹ்யோக். அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாலும் கதை தெரிந்துவிடும், நகர்ந்துவிடுகிறேன்.

பிடிக்காதது உளவுத்துறைப் பகுதி. குண்டு வைத்தது யார் என்று தேடி இருட்டில் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். உளவு அதிகாரியாக காங் ஹான்-னா நன்றாகத்தான் செய்திருக்கிறார், அவர் மீது குறை இல்லை. ஆனால் உள்ளே அந்த அலுவலகத்தில் பாகுபாட்டுத் தடைச் சட்டம் பற்றிய விவாதம் சூடாகப் போகும்போது வெளியே காரில் துரத்தினால் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தச் சட்டம் நிஜத்திலும் 2007இல் முதலில் கொண்டுவரப்பட்டு இன்னும் நிறைவேறாமல் கிடக்கிறது. அதற்கு இன்னும் ஓர் எபிசோட் கொடுத்திருக்கலாம்.

முடிவு நிறையப் பேருக்குப் பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது. ஏன் என்று சொன்னால் கடைசி எபிசோட் முழுக்கத் தெரிந்துவிடும், அதனால் பார்த்தவர்களுக்காகத் தனியாக ஒரு வீடியோ போடுகிறேன். பார்க்காதவர்கள் முதல் இரண்டு எபிசோடை ஒரே நாளில் பாருங்கள், பிரிக்காதீர்கள். அடுத்த வாரம் 2020இல் வந்த 'இன்டு தி ரிங்'. அதிபர் மாளிகை இல்லை, ஒரு வட்டார மன்றம்தான் களம், வேலை கிடைக்காமல் தேர்தலில் நிற்கிற ஒரு பெண்ணின் கதை. பார்த்துவிட்டு வந்தால் சேர்ந்து பேசலாம். வரட்டுமா?