பாஸ்குவாலே வாங்கிய அறை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மணி அடிக்கும் முன் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

இத்தாலிய இசையமைப்பாளர் தோனிட்செட்டியின் 'டான் பாஸ்குவாலே' 1843 ஜனவரி 3 அன்று பாரிஸில் அரங்கேறிய நகைச்சுவை இசைநாடகம். ரோம் நகரத்தில் பாஸ்குவாலே என்ற எழுபது வயதுப் பணக்காரர் ஒருவர் கல்யாண ஆசையில் ஏமாறும் கதை. இத்தாலிய இயக்குநர் தமியானோ மிக்கியலெத்தோ இதை 2018-ல் பாரிஸிலும், 2019-ல் லண்டன் கோவென்ட் கார்டன் இசைநாடக அரங்கிலும் புதிதாக மேடையேற்றினார். லண்டனில் பாடகர் பிரின் டெர்ஃபெல்தான் பாஸ்குவாலே. சுவரே இல்லாத வீடு, நியான் குழாயில் கூரை. அந்தப் பாஸ்குவாலே பரிகாசத்துக்கு உரியவரா, பரிவுக்கு உரியவரா என்பது தலைப்பு. நாங்கள் பரிவின் பக்கம்.

எதிரணித் தம்பி என்ன சொன்னார்? "அறுபதாம் கல்யாணமே முடிந்திருக்க வேண்டிய வயதில் முதல் கல்யாணத்துக்குப் பெண் தேடினால் கன்னம் பழுக்கத்தான் செய்யும்" என்றார். அரங்கமே சிரித்தது. தம்பி, அந்தக் கன்னம் எப்படிப் பழுத்தது என்று முழுசாகச் சொல்லாமல் போய்விட்டீர்களே! நான் சொல்கிறேன்.

பெண் பார்க்கும் படலம். டாக்டர் மலத்தெஸ்தா தன் தங்கை என்று ஒரு பெண்ணை அழைத்து வருகிறார். மடத்தில் வளர்ந்தவளாம், பெயர் சொஃப்ரோனியாவாம். எல்லாம் பொய். அவள் நோரினா, கிழவரின் தம்பிமகன் எர்னெஸ்தோவின் காதலி. முகத்தில் திரை, உடம்பில் நடுக்கம், எல்லாம் நடிப்பு. பாஸ்குவாலே தயங்கித் தயங்கிக் கேட்கிறார்: சாயங்காலத்தில் நாடகம் கீடகம் பார்க்கப் பிடிக்குமா அம்மா? அவள் சொல்கிறாள்: நாடகமா, அப்படி என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. பின்னே பொழுது எப்படிப் போகும்? தையல், பூவேலை, அப்புறம் சமையல்கட்டு. கிழவர் சொக்கிப்போனார்!

போலி நோட்டரி வந்தார், கையெழுத்து ஆயிற்று. மை காயவில்லை ஐயா! வேலைக்காரர்களுக்குச் சம்பளம் இரட்டிப்பு, புது வண்டி, புதுச் சாமான், நகை, தொப்பி. பில் மேல் பில். சரி, போகட்டும். அன்று ராத்திரியே அம்மா பட்டுடுத்திக் கிளம்புகிறாள். எங்கே? நாடகத்துக்கு! கவனியுங்கள், நாடகம் என்றால் என்னவென்றே தெரியாது என்றவள், கல்யாணத்தன்றே, புருஷனை வீட்டில் விட்டுவிட்டு, நாடகத்துக்கு! அவர் வழிமறித்தார். கன்னத்தில் பளாரென்று ஓர் அறை.

தம்பி இதோடு நிறுத்தினார். சிரிப்பும் அங்கேயே வந்தது. ஆனால் தோனிட்செட்டி அங்கே நிறுத்தவில்லை. அதுவரை துள்ளிக்கொண்டிருந்த இசை சட்டென்று தளர்ந்து சோகத்துக்குப் போகிறது. எல்லாம் முடிந்தது, போய்த் தண்ணீரில் விழுவதுதான் பாக்கி என்று கிழவர் தனக்குள் பாடுகிறார். அடித்தவளே, பாடம் கொஞ்சம் கடுமைதான் என்று தனியாக ஒப்புக்கொள்கிறாள். பிறகு, போய்ப் படு தாத்தா, விடிந்ததும் வந்து எழுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறாள். நடுவர் அவர்களே, தாலாட்டுப் பாடி ஒரு மனிதனை அடித்ததை எங்கேயாவது கேட்டிருக்கிறீர்களா?

தம்பி, அறுபதாம் கல்யாணம் என்றீர்களே, அதற்கே வருகிறேன். அறுபதில் மாலை மாற்றுகிறோம், எண்பதில் சதாபிஷேகம் செய்கிறோம். தாத்தா நடுங்கும் கையால் பாட்டிக்குத் தாலி கட்டும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு அட்சதை போடுகிறவர்கள் நாம்தானே? ஜோடி இருக்கிற முதியவர் ஆசையோடு பார்த்தால் அது மங்களம், ஜோடி இல்லாதவர் ஆசைப்பட்டால் மட்டும் கூத்தா? ஐம்பது வருஷம் தனியாகச் சாப்பிட்ட மனுஷனுக்குப் பக்கத்தில் ஓர் இலை போடச் சொல்லிக் கேட்க உரிமை இல்லையா?

தன் பேச்சை மீறிக் காதலித்த எர்னெஸ்தோவுக்குச் சொத்து போகக்கூடாது என்ற வீம்பில்தானே பெண் தேடினார் என்றும் கேட்டார்கள். வீம்பில் ஆரம்பித்தார், உண்மைதான். ஆனால் பெண் கிடைத்த சேதி வந்ததும் அவர் பாடுவதைக் கேளுங்கள். உடம்பில் என்னவோ தீப் பற்றிக்கொண்டதாம், இருபது வயது திரும்பிவிட்டதாம், அரை டஜன் குழந்தைகள் தன்னைச் சுற்றி விளையாடுவது இப்போதே கண்ணில் தெரிகிறதாம். அதில் எங்கே ஐயா வீம்பு?

அந்தப் பாட்டுக்கு இசை போட்டவருக்கு அப்போது வயது நாற்பத்தைந்து. அவருக்குப் பிறந்த மூன்று குழந்தைகளில் ஒன்றுகூடத் தங்கவில்லை. மனைவி விர்ஜீனியா 1837-ல் போய்விட்டாள். அவர் மறுமணம் செய்துகொள்ளவே இல்லை. 1848-ல், ஐம்பது வயதில், நோயில் புத்தி கலங்கிப் பெர்கமோவில் கண்ணை மூடினார். பிள்ளைச் சத்தம் கேட்காத வீட்டில் இருந்துகொண்டு ஒரு தகப்பன் எழுதிய அரை டஜன் குழந்தைகள் அவை. அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை, தம்பி.

கிழவயதில் கல்யாணம் செய்கிறவனுக்கு மூளை பிசகு என்று முடிவில் ஒரு பாட்டு வருகிறதே என்பார்கள். யார் பாடுவது? நோரினா! அறைந்தவள் சொல்லும் நியாயத்தையா தீர்ப்பாக எடுத்துக்கொள்வது? அதற்குச் சற்று முன்னால் கிழவர் என்ன செய்தார் என்று பாருங்கள். தன்னை முட்டாளாக்கியது யார் யார் என்று எல்லாம் தெரிந்துபோனது. வீட்டை விட்டுத் துரத்தியிருக்கலாம். வழக்குப் போட்டிருக்கலாம். அவரோ எர்னெஸ்தோவையும் நோரினாவையும் பார்த்து, எல்லாவற்றையும் மறந்தேன், நான் உங்களைச் சேர்த்து வைப்பதுபோல வானமும் சேர்த்து வைக்கட்டும் என்று ஆசி சொல்கிறார். எர்னெஸ்தோவுக்கு ஆண்டுக்கு நாலாயிரம் ஸ்கூதி, அதாவது அந்தக் கால இத்தாலிய வெள்ளிக்காசு, தருவதாகச் சொன்ன வாக்கையும் திரும்பப் பெறவில்லை. அறை வாங்கிய அதே ராத்திரியில், ஐயா! நம் வீட்டுப் பெரியவர்கள் நம்மை எத்தனை முறை இப்படி மன்னித்திருக்கிறார்கள்! நடுவர் அவர்களே, அந்த மனிதருக்காகக் கேட்கிறேன், தீர்ப்பை எங்கள் பக்கம் எழுதுங்கள். வணக்கம்.