ட்ரை ஐஸ் பிளாஸ்டிங்: பிரஷரைக் கூட்டுறதுக்கு முன்னாடி காத்தைக் கவனிங்க

வணக்கம் மக்களே. ட்ரை ஐஸ் பிளாஸ்டிங்னா, ட்ரை ஐஸ் துண்டுகளைக் கம்ப்ரசர் காத்தோட வேகமா அடிச்சு அழுக்கை உரிக்கிற முறை. அப்படி அடிச்சும் அழுக்கு போகலைன்னா, முதல்ல எல்லாரும் கை வைக்கிறது பிரஷர்லதான். ஆனா பெரும்பாலும் கோளாறு அங்க இருக்காது. காத்துல ஈரம் இருக்கும், இல்லன்னா ஐஸ் பழசா இருக்கும்.

இதோ, கையுறை போட்டு எடுத்திருக்கேன் பாருங்க, இதுதான் பெல்லெட். 3 மில்லிமீட்டர் தடிமன், மைனஸ் 78.5 டிகிரியில இருக்கிற கெட்டியான கார்பன் டை ஆக்சைடு. இது புதுசு, உதிரி உதிரியா விழுது. இந்தப் பக்கம் இருக்கிறது பழசு. காத்து ஈரம் மேல உறைஞ்சு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. இதை ஹாப்பர்ல, அதாவது மெஷின்ல ஐஸ் போடுற தொட்டியில, கொட்டினா கீழ இறங்காம அடைச்சுக்கும். அதனால ஐஸ் வந்த அன்னைக்கே அடிச்சு முடிக்கிற மாதிரி வாங்குங்க.

கம்ப்ரசர்ல இருந்து வர்ற காத்து சூடாவும் ஈரமாவும் இருக்கும். முதல்ல காத்தைக் குளிர வைக்கிற ஆஃப்டர்கூலர், அடுத்து தண்ணியைப் பிரிக்கிற வாட்டர் செப்பரேட்டர், அதுக்கப்புறம் மிச்ச ஈரத்தை எடுக்கிற ஏர் ட்ரையர். இந்த வரிசையில ஒண்ணை விட்டாலும் ஹோஸுக்குள்ள தண்ணி உறைஞ்சு, ஐஸ் வெளிய வர்ற நாசில் அடைக்கும். காதுலயே தெரியும்: ஒரே சீரா வந்த சத்தம் விட்டு விட்டு வரும். அப்பவே நிறுத்துங்க.

பிரஷர் 4 பார்ல ஆரம்பிச்சு, ஓரத்துல சின்ன இடத்துல அடிச்சுப் பாருங்க. நிறைய வேலைக்கு 5-லேர்ந்து 7 பார் போதும். ஒரே இடத்துல நிக்காதீங்க. அடிக்கிற இடம் குளிர்ந்துட்டா, படிவுக்கும் அடி உலோகத்துக்கும் இருக்கிற வெப்ப வித்தியாசம் குறையும், உரிக்கிற வேகமும் குறையும். ரப்பர் சாமான் வார்க்கிற மோல்டை (அச்சை) சூடா இருக்கும்போதே சுத்தம் பண்றது இதுக்காகத்தான்.

கிரீஸ், பசை, மோல்டு ரிலீஸ் (பொருள் அச்சுல ஒட்டாம இருக்கப் பூசுறது) படிவுக்கெல்லாம் இது அருமையான முறை. ஆழமா அரிச்ச துருவுக்கு வேண்டாம். ஐஸ் மிருதுவானது, உலோகத்தைச் சுரண்டாது. பெயிண்ட் பிடிக்கிறதுக்குத் தேவையான சொரசொரப்பும் இதுல வராது.

இப்ப சொல்றதைத் தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. ஐஸ் அப்படியே வாயுவா மாறும், அது காத்தை விடக் கனமானது. குழி, பேஸ்மென்ட் மாதிரி பள்ளமான இடத்துல தேங்கிடும். ஆக்சிஜன் மீட்டர் மட்டும் போதாது. ஆக்சிஜன் கொஞ்சமா குறையறதுக்குள்ளயே கார்பன் டை ஆக்சைடு ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கும். அதுக்குன்னு தனி மீட்டர் வைங்க. 8 மணி நேர வேலைக்குப் பொதுவான வரம்பு 5000 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காத்துல 5000 பங்கு. காதுக்கு இயர்மஃப், முகத்துக்கு ஷீல்டு கட்டாயம். ஸ்டாட்டிக் ஏறும்கிறதால பொருளையும் மெஷினையும் எர்த் பண்ணிடுங்க.

முடிக்கும்போது முதல்ல ஐஸ் ஃபீடை நிறுத்துங்க, ஹோஸ் காலியாகிற வரைக்கும் காத்து மட்டும் ஓடட்டும். மிச்ச ஐஸை இறுக்கி மூடுற டப்பாவுல போடவே கூடாது, வெடிச்சிடும். குளிர்ந்த இரும்புல தண்ணி முத்து முத்தா கோர்க்கும்; வெதுவெதுப்பான காத்தால உலர்த்தி, வெறும் இரும்பா இருந்தா உடனே எண்ணெய் பூசிடுங்க.