பூட்டு இருப்பதால்தான் பார்க்கக் கிடைக்கிறது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

‘ஜப்பானில் அபூர்வமாகத் திறக்கும் தொன்மையான இடங்களை எல்லா நாளும் திறந்துவிட வேண்டுமா, இப்படியே இருக்கட்டுமா?’ இதுதான் தலைப்பு. திறந்தே ஆகவேண்டும் என்று எதிரணித் தலைவர் முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிறார். கடன் வாங்கி டிக்கெட் எடுத்து, விசா வாங்கி, நாரா வரைக்கும் போய், மூடிய கதவைப் படமெடுத்துக்கொண்டு திரும்புகிற பயணியின் சோகத்தை அவர் சொன்னபோது அரங்கமே உச்சுக்கொட்டியது. பாவம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கதவு எந்தத் தேதியில் திறக்கும் என்பது ஊரறிந்த விஷயம். தேதி பார்க்காமல் பெட்டி கட்டியவருக்காகக் கதவைக் குறை சொல்லலாமா?

அவருடைய பெரிய அஸ்திரத்துக்கே முதலில் வருகிறேன். 1884இல் கலை ஆய்வாளர்களான அமெரிக்கர் ஃபெனலோசாவும் ஜப்பானியர் ஒகாகுராவும் அரசு ஆணையோடு நாரா பக்கத்து ஹோர்யூஜி கோயிலுக்குப் போனார்கள். அங்கே யுமெதோனோ என்ற எண்கோண மண்டபத்தில் பூட்டியிருந்த குஸே கன்னோன் என்ற பௌத்தக் கருணைத் தெய்வத்தின் சிலையைத் திறக்கவைத்தார்கள். திறந்தால் நிலம் நடுங்கும் என்று துறவிகள் பயந்தார்கள். நடுங்கவில்லை. ‘பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லை!’ என்று கைதட்டல் வாங்கினார் தலைவர். கதையைப் பாதியில் நிறுத்திவிட்டாரே! சுற்றுச் சுற்றாகத் துணியைப் பிரித்ததும் வெளியே வந்தது என்ன? ஆள் உயரக் கற்பூர மரச் சிலை. 7ஆம் நூற்றாண்டில் ஒட்டிய தங்க இதழ் பெரும்பாலும் அப்படியே மின்னியது. அந்தத் தங்கத்தைக் காப்பாற்றி வைத்தது எது? அவர் திட்டித் தீர்த்த அதே துணியும் பூட்டும்தான்.

இன்றைக்கும் அந்தச் சிலையைப் பார்க்கலாம். ஏப்ரல் 11 முதல் மே 18 வரை, பிறகு அக்டோபர் 22 முதல் நவம்பர் 22 வரை. கூட்டிப் பாருங்கள், 70 நாள். மண்டபத்துக்குள் விட மாட்டார்கள். வெளியே நின்று கம்பிவலை வழியாகத்தான் பார்க்கவேண்டும். உள்ளே இருட்டு. நான்கு மடங்கோ ஆறு மடங்கோ பெரிதாக்கும் சின்னத் தொலைநோக்கி பையில் இருந்தால் முகம் தெரியும். இல்லாவிட்டால் ஒரு நிழலைப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான். டார்ச் அடிக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

அடுத்து, ‘மனிதர்கள் போய்ப் பார்ப்பதால் சுவர் தேய்ந்துவிடுமா?’ என்று கேட்டார் எதிரணியின் இரண்டாம் பேச்சாளர். தேயாது ஐயா, பூஞ்சை பிடிக்கும். நாராவுக்குத் தெற்கே அசுகா என்ற ஊரில் தகமட்சுசுகா என்றொரு கல்லறை மேடு. 1972 மார்ச்சில் தோண்டியபோது, உள்ளறைச் சுவரில் வண்ண உடை உடுத்திய பெண்களின் ஓவியம் கிடைத்தது, ஜப்பானே துள்ளிக்குதித்தது. அந்த அறையின் நீளம் 2.65 மீட்டர், அகலம் 1.03, உயரம் 1.13. உட்காரலாம், நிற்க முடியாது. கல்லின் மேல் சில மில்லிமீட்டர் சுண்ணாம்புப் பூச்சு, அதன்மேல் ஓவியம். பழைய காலத்துத் திருடர்கள் தென்சுவரில் துளை போட்டதைத் தவிர்த்தால், 1,300 ஆண்டுகள் ஈரமும் குளிர்ச்சியும் மாறாமல் மண்ணுக்குள் கிடந்த அறை அது. திறந்த பிறகு வெப்பம் மாறியது, பூஞ்சை வந்தது. மருந்து அடித்தார்கள், மறுபடி வந்தது. மேற்குச் சுவரில் இருந்த வெண்புலியின் கோடுகள் மங்கிப்போனது 2004இல் வெளியே தெரிந்து பெரிய கண்டனம் எழுந்தது. கடைசியில் 2007இல் அந்த அறையை 16 கற்களாகப் பிரித்தே எடுத்தார்கள். செப்பனிடும் வேலை முடிய 2020 ஆகிவிட்டது.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு, நடுவர் அவர்களே. அந்த அறைக்குள் சுற்றுலாப் பயணி ஒருவர்கூடக் கால் வைக்கவில்லை. போனவர்கள் எல்லாம் ஆய்வாளர்களும் பாதுகாப்புப் பணியாளர்களும்தான். அதற்கே இந்த கதி. எதிரணி சொல்கிறபடி தினமும் வரிசை விட்டிருந்தால்? கணக்கை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

பார்க்கவே முடியாதா என்றால், முடியும். செப்பனிட்ட சுவர்களை ஆண்டுக்குச் சில முறை, முன்கூட்டி விண்ணப்பித்தவர்களுக்குக் கண்ணாடி வழியாகக் காட்டுகிறார்கள். அந்தத் தேதி வாய்க்காவிட்டால், கல்லறைக்குப் பக்கத்திலேயே முழு அளவுப் பிரதிகள் வைத்த ஓவிய மாளிகை இருக்கிறது.

‘கியோத்தோ அரண்மனையை 2016இலிருந்து ஆண்டு முழுக்கத் திறந்துவிட்டார்களே, குடியா மூழ்கிவிட்டது?’ என்றும் கேட்டார்கள். நல்ல கேள்வி. ஆனால் அங்கே திறந்தது முற்றத்தை. சரளைக்கல் பாதையில் சுற்றி வந்து, கட்டடங்களை வெளியே நின்றுதான் பார்க்கவேண்டும். எந்த மண்டபத்துக்குள்ளும் ஏற முடியாது. எங்கள் அணி சொல்வதைத்தான் அரண்மனையும் செய்கிறது!

அதே நகரில் 17ஆம் நூற்றாண்டுக் கட்சுரா மாளிகையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நடைக்கற்கள் வேண்டுமென்றே ஒழுங்கில்லாமல் பதிக்கப்பட்டிருக்கும். கல்லுக்குக் கல் உயரமும் இடைவெளியும் மாறுவதால் கண் காலடியை விட்டு நகராது. ஒரு பெரிய கல் வரும். கால் தானாக நிற்கும். நிமிர்ந்தால் குளமும் தேநீர்க் குடிலும் எதிரே விரியும். அந்தக் கல்லில் ஒருவர் நிற்கலாம், இருவர் நிற்கலாம். முன்னால் முதுகும் பின்னால் தள்ளுமுள்ளுமாக இருந்தால் அந்தக் கல்லைப் பதித்தவனின் வேலை அத்தனையும் வீண். அதனால்தான் சிறு குழுக்களாக, வழிகாட்டி முன்னால் போக, காவலர் கடைசியில் வர, ஏறக்குறைய ஒரு மணி நேரச் சுற்று. இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். மூன்று மாதம் முன்பு, மாதத்தின் முதல் நாளில் பதிவு தொடங்கும். நல்ல நேரங்கள் சீக்கிரம் போய்விடும். கட்டணம் உண்டு, வயது வரம்பும் உண்டு, பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். வழக்கமாகக் காரியம் கெடுவது இரண்டு இடத்தில்: பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை அப்படியே பதியாதது, குதிகால் உயர்ந்த செருப்போடு வந்து நிற்பது.

பாசிக் கோயில் என்று பெயரெடுத்த சைஹோஜி 1977 வரைக்கும் எல்லோருக்கும் திறந்துதான் இருந்தது. கூட்டம் மிதித்துப் பாசி நசிந்தது, தெருவில் வண்டி நகரவில்லை, அக்கம்பக்கத்தார் கொதித்தார்கள். முன்பதிவு முறை வந்தது. எதிரணி கேட்கும் சோதனையை அவர்கள் செய்து பார்த்து முடித்தாகிவிட்டது.

அடுத்து, நாராவில் உள்ள ஷோசோ-இன் என்ற பழைய களஞ்சியம். ‘9,000 பொருளை வைத்துக்கொண்டு ஆண்டுக்கு 60 காட்டுகிறார்கள், இது கஞ்சத்தனம்’ என்றார்கள். 756இல் ஷோமு பேரரசரின் உடைமைகளை அரசி கோம்யோ காணிக்கையாகக் கொடுத்ததில் தொடங்கிய களஞ்சியம் அது. 752இல் நாராவின் பெரிய புத்தருக்குக் கண் திறந்தவர் போதிசேனர். தென்னிந்தியாவிலிருந்து போனவர் என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன. அவர் பிடித்த தூரிகை இன்றும் அங்கே இருக்கிறது! பழைய மருந்துப் பட்டியலில் மிளகுகூட உண்டு. அது எந்தக் கரையிலிருந்து போயிருக்கும் என்று நான் சொல்லவா வேண்டும்? பட்டு, காகிதம், மூங்கில், மரம் எல்லாம் இத்தனை காலம் நின்றதற்கு உயரத் தூக்கிக் கட்டிய தரையும், பொருட்களை வைத்த சுகி என்ற ஜப்பானிய மரப் பெட்டிகளும், பேரரசரின் தூதர் வந்தால்தான் முத்திரை உடையும் என்ற கட்டுப்பாடும் காரணம். பொருட்கள் இப்போது நவீனக் கிடங்குகளுக்கு மாறிவிட்டன. முத்திரை வழக்கம் மாறவில்லை. ஒருமுறை காட்சிக்கு வந்த பொருள் பொதுவாகப் பத்தாண்டு ஓய்வெடுக்கும். அக்டோபர் கடைசியில் தொடங்கி நாரா தேசிய அருங்காட்சியகத்தில் இரண்டு வாரத்துக்குச் சற்று அதிகமாகக் கண்காட்சி நடக்கும். நேரம் குறித்த சீட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். வாசலில் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள். குறிப்பெடுக்கப் பென்சில் கொண்டுபோங்கள், பேனாவை எடுத்தால் தடுப்பார்கள்.

ஒகினோஷிமா பற்றி ஒரு சகோதரி கோபமாகப் பேசினார். பெண்களுக்குத் தடை என்ற அந்தத் தீவின் வழக்கத்தைக் காக்க நான் இங்கே வரவில்லை. அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஒரு தகவல் மட்டும் சேர்க்கிறேன். 2017இல் உலகப் பாரம்பரியச் சின்னமான பிறகு, ஆண்டுக்கு ஒருமுறை மே 27 அன்று ஏறக்குறைய 200 ஆண்களை அனுமதித்த வழக்கத்தையும் 2018இலிருந்து நிறுத்திவிட்டார்கள். தீவில் கிடைத்த ஏறக்குறைய 80,000 தேசியப் பொக்கிஷங்களுக்கு முனகதா கோயில் காட்சியகம்தான் இருப்பிடம்; அங்கே யாருக்கும் தடை இல்லை.

மணி அடித்துவிட்டது, தெரிகிறது நடுவர் அவர்களே, ஒரே நிமிடம். ‘ஆண்டுக்கு ஒரு நாள் திறந்து என்ன பயன்?’ என்று முடித்தார் எதிரணித் தலைவர். நாராவின் தோதாய்ஜி கோயிலில் உள்ள ஹொக்கெதோ மண்டபத்தில், முதன்மைச் சிலைக்குப் பின்னால் வடக்குப் பார்த்து நிற்கும் ஷுகொங்கோஷின் என்ற காவல் தெய்வத்துக்குத் திறப்பு நாள் டிசம்பர் 16 மட்டுமே. 8ஆம் நூற்றாண்டுச் சுடாத களிமண் சிலை. வண்ணமும் தங்கமும் கவசத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. குளிர் காலத்தில் வரிசையில் நிற்கவேண்டும், தடித்த காலுறை போட்டுக்கொண்டு போங்கள். முறை வந்ததும் வாயைப் பிளந்த முகத்திலேயே நின்றுவிடாமல் கொண்டையைப் பாருங்கள். அதைக் கட்டிய நாடாவில் ஒரு பக்கம் இருக்காது. கலகம் செய்த மசகாதோவைக் கொட்ட அது குளவியாகிப் பறந்துபோனதாகக் கதை சொல்வார்கள்.

நன்றி, வணக்கம்.