ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, எனக்கு முன்பு வாழ்த்துரை வழங்கிய மாமன்ற உறுப்பினர் அவர்களே, நன்றியுரைக் காகிதத்தோடு காத்திருக்கும் தம்பி அவர்களே, நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். மண்டபத்தை வாடகையில்லாமல் தந்தவருக்குத் தனி வணக்கம். மோர் கொடுத்த மகளிர் குழுவுக்கு இன்னொன்று. பொன்னாடைக்குப் பதில் துண்டு போர்த்தினீர்கள். துண்டு வீட்டில் பயன்படும், நன்றி.

கழிவுநீர் எப்படிச் சுத்தமாகிறது, அதை யார் வாங்குகிறார்கள், செலவு யார் தலையில் என்று மூன்று விஷயம் பேசுகிறேன். "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பார்கள். இதைச் சொல்லாமல் நான் எந்த மேடையிலிருந்தும் இறங்குவதில்லை.

சாக்கடைத் தண்ணீர் வந்ததும் கம்பி வலையில் துணி, பாலிதீனைப் பிடிக்கிறார்கள். மணலைப் பிரிக்கிறார்கள். தொட்டியில் கசடு படிகிறது. அப்புறம்தான் அசல் வேலைக்காரர்கள் வருகிறார்கள்: நுண்ணுயிரிகள். காற்றை ஊதிக்கொண்டே இருந்தால் கரைந்த அழுக்கைத் தின்று பெருகும். ஊதுவது நின்றால் நாற்றம் ஊரைக் கூட்டும். கசடை மூடிய கலனில் புளிக்கவிட்டு, வரும் வாயுவில் மின்சாரம் எடுக்கிறார்கள், நம் சென்னைக் கொடுங்கையூரில்.

இவ்வளவு செய்தும் தண்ணீரில் உப்பு அப்படியே இருக்கும். அதற்குத்தான் நுண்வடிகட்டி, ஆர்.ஓ. எல்லாம். 2019-ல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும், நாளுக்குத் தலா 4.5 கோடி லிட்டருக்கு இப்படிப்பட்ட நிலையங்கள் வந்தன. கோயம்பேட்டுத் தண்ணீர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஆலைகளுக்குப் போகிறது. ஜோலார்பேட்டையிலிருந்து நமக்கு ரயிலில் குடிநீர் வந்ததும் அதே வருஷம்தான். ஆலைக்காரர் மீட்டர் பார்த்துக் காசு கட்டுகிறார். நம்மில் பெரும்பாலான வீடுகளுக்கு மீட்டரே கிடையாது!

ஒரு அடுக்குமாடிக் கதை. பெயர் வேண்டாம், என் சம்பந்தி அங்கே இருக்கிறார். கீழே சின்னதாக ஒரு சுத்திகரிப்பு நிலையம் வைத்து, அந்தத் தண்ணீரைக் கழிவறை ஃப்ளஷ்ஷுக்கு விட்டார்கள். நான்காவது மாடியில் ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர். "ஊரார் கழுவின தண்ணி என் வீட்டுக்கா?" என்று கூட்டத்தையே கூட்டிவிட்டார். செயலாளர் பணிவாக, "சார், கக்கூஸிலிருந்து வந்து கக்கூஸுக்குத்தானே போகுது, அதுக்கென்ன ஆசாரம்?" என்றார். அவர் மசியவில்லை. தன் வீட்டு ஃப்ளஷ்ஷுக்கு மட்டும் லாரித் தண்ணீரையே இணைத்துக்கொண்டார். அதோடு விட்டாரா? "வீட்டில் நாங்கள் ரெண்டே பேர், லாரிக் காசைச் சமமாகப் பிரிப்பது அநியாயம், மீட்டர் போடுங்கள்" என்றார். சரி என்று போட்டார்கள். முதல் மாதமே பில்லில் முதலிடம் அவர் வீடு! ஃப்ளஷ் தொட்டி ராத்திரி பகலாக ஒழுகியிருக்கிறது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். "நானும் மாசக்கணக்கா சொல்றேன், யார் கேட்டா?" என்று அம்மையார் கூட்டத்திலேயே போட்டு உடைத்தார். மறுநாள் பிளம்பர் வந்தார். லாரிக் குழாயை எடுத்துவிட்டு, சுத்திகரித்த தண்ணீரையே இணைத்தார்.

அளந்ததால் வந்த வினை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள். நாம் லாரியில் காசுக்கு வாங்கியதையே அளப்பதில்லை. எவ்வளவு போகிறது என்றே தெரியாதபோது எவ்வளவு திரும்பி வரும் என்று எந்தப் பொறியாளர் கணக்குப் போடுவார்?

செலவைப் பற்றிப் பேச நேரமில்லை, தம்பி காகிதத்தைப் பிரித்துவிட்டார். நம் வார்டில் வீட்டுக்கு வீடு மீட்டர் கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்தை மாமன்ற உறுப்பினர் போடுவார் என்று அவரைக் கேட்காமலே அறிவிக்கிறேன்.